"நாளைக்குப் படிக்கலாம்": பூண்டி மலைக்கிராமத்தில் கடைசி நேரப் படிப்பு ஏன் கைகொடுக்காது? தள்ளிப்போடும் பழக்கத்தை மாற்றுவது எப்படி?

காலைப் பனியில் கை விறைக்க விறைக்க பூண்டு பிடுங்கப் போகிற பிள்ளை, சாயங்காலம் கணக்கு நோட்டைத் திறக்க மட்டும் ஏன் தயங்குகிறது?

"சாப்பிட்டுட்டு உட்காருறேம்மா." "ஏழு மணி ஆகட்டும்." "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குச் சேர்த்துப் படிச்சுக்கறேன்." பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் எல்லா வீட்டிலும் கேட்கிற வார்த்தைகள்தான். இதற்கு வீட்டில் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். ஆனால் விடியும் முன்பே எழுந்து வயல் வேலை பார்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அப்படியென்றால் இது என்ன?

பூண்டி எங்கே இருக்கிறது?

பூண்டி என்றதும் பலருக்கு சென்னைக்குக் குடிநீர் தரும் திருவள்ளூர் மாவட்டத்து ஏரி நினைவுக்கு வரும். சிலருக்கு தஞ்சாவூர் பக்கத்துப் பூண்டி மாதா கோயில். இது வேறு ஊர். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் ஒன்றியத்தில், நகரத்தைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கமாக மேல்மலைக்குள் போனால் வரும் கிராமம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் என்று மலைக்காய்கறிகளை நம்பி வாழும் பகுதி.

இந்தப் பகுதியின் பூண்டுக்குத்தான் 2019-ல் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷத்துக்கு இரண்டு போகம். மே மாதம் வாக்கில் ஒருமுறை, அக்டோபர் - நவம்பரில் இன்னொருமுறை ஊன்றுவார்கள். கிட்டத்தட்ட நான்கு, நாலரை மாதப் பயிர்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். மே மாதம் ஊன்றிய பூண்டு செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வரும். காலாண்டுத் தேர்வும் செப்டம்பரில். அக்டோபர், நவம்பரில் ஊன்றியது பிப்ரவரி, மார்ச்சில் வரும். பொதுத்தேர்வும் மார்ச்சில். அதாவது, வீட்டில் ஆள் தேவைப்படும் நாட்களும் தேர்வு நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கின்றன. மழையைப் பொறுத்து சில வாரம் முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான்.

சமவெளியில் இருக்கும் ஒரு மாணவன் "கடைசி ஒரு மாசம் உட்கார்ந்தா முடிச்சிடலாம்" என்று நினைத்தால், அது தப்புக்கணக்காக இருந்தாலும் அந்த ஒரு மாதம் அவன் கையில் இருக்கும். பூண்டு போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கடைசி மாதமே சொந்தம் இல்லை. தள்ளிப்போடுவதன் விலை மலையில் கொஞ்சம் அதிகம்.

சோம்பேறித்தனம் வேறு, தள்ளிப்போடுதல் வேறு

சோம்பேறிக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே இருக்காது. செய்யாததற்காகக் கவலையும் பட மாட்டார். தள்ளிப்போடுபவர் நிலைமை அப்படி இல்லை. படிக்க வேண்டும் என்று தெரியும், படிக்காவிட்டால் நஷ்டம் என்றும் தெரியும். ஆனாலும் ஒத்திப்போடுவார், ஒத்திப்போட்ட நேரம் முழுக்க உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். டிவி பார்த்தாலும் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பியர்ஸ் ஸ்டீல், இது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2007-ல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களில் 80 முதல் 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு அளவில் தள்ளிப்போடுகிறார்கள் என்றும், பாதிப்பேருக்கு இது தொடர் பிரச்சனை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். ஆக, இது ஒரு வீட்டுப் பிள்ளையின் குறை இல்லை.

கனடாவைச் சேர்ந்த டிமோத்தி பிச்சில், பிரிட்டனில் பணியாற்றும் ஃபுஷியா சிரோயிஸ் போன்ற ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி உள்ளே போகிறார்கள். இது நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சனை இல்லை, மனநிலையைக் கையாளும் பிரச்சனை என்பது அவர்கள் வாதம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் புரியாதோ என்ற பயம், போன தேர்வில் வாங்கிய மார்க் ஞாபகம், வெறும் அலுப்பு... ஏதோ ஒன்று நெஞ்சைப் பிசைகிறது. புத்தகத்தை மூடினால் அந்தப் பிசைவு உடனே நின்றுவிடுகிறது. அந்த நிமிட நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைக்கும் வேலையைத்தானே மனசு திரும்பத் திரும்பச் செய்யும்? இப்படித்தான் 'அப்புறம்' என்பது பழக்கமாகிறது.

அதனால்தான் "ஒழுங்கா டைம்டேபிள் போடு" என்று திட்டுவது பெரும்பாலும் வேலைக்கு ஆவதில்லை. டைம்டேபிளைக் கலர் கலராகப் போட்டு சுவரில் ஒட்டுவதே படிப்பைத் தள்ளிப்போட ஒரு அழகான வழி என்பது மாணவர்களுக்கே தெரியும்.

வயல் விடாது, புத்தகம் விட்டுவிடும்

பூண்டு வேலையை ஏன் யாரும் தள்ளிப்போடுவதில்லை? பல் பிரித்து வைத்தால் ஊன்றியாக வேண்டும். களையை விட்டால் பயிரை அமுக்கிவிடும். பிடுங்கும் பக்குவத்தில் மழை பிடித்துக்கொண்டால் காய் கெட்டுப்போகும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. போதாததற்கு பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள், ஒருவர் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் எத்தனை பாத்தி முடிந்தது என்று கண்ணால் பார்க்கலாம்.

பாடப்புத்தகத்தில் இது எதுவுமே இல்லை. ஜூனில் திறந்த புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் மார்ச்சில். ஒரு நாள் படிக்காவிட்டால் அன்றைக்கு எதுவும் கெட்டுப்போகாது. தனியாக உட்கார வேண்டும். எவ்வளவு முடிந்தது என்பதும் தெரியாது. பலன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு இன்றைய மனசுக்கு அதன் மதிப்பு குறைந்துவிடும் என்பதுதான் ஸ்டீலின் ஆய்வு சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

வயலில் வேலை ஓட வைக்கும் இந்த அம்சங்களைப் புத்தகத்துக்கும் கொண்டுவர முடியுமா? முடியும் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

நாமே குறிக்கும் கெடு, அடுத்தவர் வைக்கும் கெடு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் நடந்த ஒரு சோதனை பலமுறை பேசப்பட்டது. டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக் என்ற இருவர் 2002-ல் இதை வெளியிட்டார்கள். ஒரு பருவத்தில் மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். ஒரு பிரிவுக்கு சீரான இடைவெளியில் மூன்று கடைசித் தேதிகளை ஆசிரியரே குறித்துக் கொடுத்தார். இன்னொரு பிரிவு தேதிகளைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம், வேண்டுமானால் மூன்றையும் கடைசி நாளிலேயே கொடுக்கலாம். சுதந்திரம் கிடைத்தவர்களில் பலர் தாங்களாகவே முன்கூட்டிய தேதிகளைக் குறித்துக்கொண்டார்கள். தங்களை நம்ப முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஆனாலும் ஆசிரியர் சீராகப் பிரித்துக் கொடுத்த பிரிவுதான் அதிக மார்க் வாங்கியது.

ஊரில் இதைச் செய்ய பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாடத்தில் பத்து ஒரு மார்க் கேள்வியை ஆசிரியர் கேட்டாலே போதும். ஆசிரியருக்கு முடியாவிட்டால், பக்கத்து வீட்டில் அதே வகுப்பு படிக்கும் பிள்ளை கேட்கலாம். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ எனக்கு வேதியியல் கேளு, நான் உனக்கு வரலாறு கேக்குறேன்" என்று ரெண்டு பேர் பேசிக்கொண்டால் அதுவே ஒரு கெடு. யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். தனக்குத்தானே கேள்வி கேட்டுப் படித்தது, வெறுமனே திரும்பத் திரும்ப வாசித்ததை விட ஒரு வாரம் கழித்தும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் காட்டியது இதற்குக் கூடுதல் லாபம்.

"ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்" என்ற நம்பிக்கை

தள்ளிப்போடுபவர்களிடம் இருக்கும் இன்னொரு பழக்கம், எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துக் கணக்கிடுவது. கனடாவில் 1994-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர்தான்.

இதை வைத்து ஒரு எளிய வழி சொல்லலாம். ஒரு பாடம் முடிக்க மூன்று நாள் ஆகும் என்று தோன்றினால், ஐந்து நாள் என்று எழுதிக்கொள்வது. மேல்மலைப் பிள்ளைகள் இதோடு அறுவடை நாட்களையும் கழித்துக்கொள்ள வேண்டும். காலண்டரை எடுத்து, பூண்டு ஊன்றிய தேதியிலிருந்து நாலு மாதம் எண்ணி, அந்த வாரங்களில் 'படிப்பு இல்லை' என்று முதலிலேயே வட்டம் போட்டுவிட்டால், மிச்சம் எத்தனை நாள் என்ற உண்மை முகத்தில் அடிக்கும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குள் பாதிப் பாடமாவது ஒருமுறை முடிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் சொல்லாமலே வந்துவிடலாம்.

எப்போ, எங்கே, எது?

"இன்னைக்கு நல்லாப் படிக்கணும்" என்பது திட்டம் இல்லை, ஆசை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரும் அவரது குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம், பண்டிகை மாலை எப்படிக் கழிந்தது என்று 48 மணி நேரத்துக்குள் ஒரு குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப்பேரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று இப்போதே குறித்துக் கொடுங்கள். அப்படிக் குறித்துக் கொடுத்தவர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சொன்னபடி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதை விட, வீட்டில் தினமும் நடக்கும் ஒரு வேலையோடு கட்டினால் இன்னும் சுலபம். "ராத்திரி சாப்பாடு முடிஞ்சு அம்மா அடுப்பை ஒதுக்கினதும், அடுப்பங்கரைத் திட்டுல உட்கார்ந்து, இயற்கணிதத்துல முதல் ரெண்டு கணக்கு." இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. குளிர்ந்த மலைவீட்டில் கதகதப்பான இடம் அடுப்பங்கரைதான் என்பதால் அங்கேயே உட்காரட்டும். படிப்பதற்குத் தனி மேசை வேண்டும், தனி அறை வேண்டும் என்று காத்திருந்தால் அதுவும் ஒருவகைத் தள்ளிப்போடல்தான்.

ரெண்டே ரெண்டு கணக்கு போதுமா? ஆரம்பிக்கப் போதும். பயம் பெரும்பாலும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால்தான் இருக்கிறது. பத்து நிமிடம் மட்டும் என்று உட்காருபவர்கள் பலர் அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். எழுந்துவிட்டாலும் தப்பில்லை, நேற்றை விட ரெண்டு கணக்கு கூடுதல்.

செல்போன் விஷயத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 'டவுட் பார்க்க' எடுத்த போன் ரீல்ஸில் போய் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சிக்னல் சரியாகக் கிடைக்காத மலைக்கிராமங்களில் ஒரு வசதி உண்டு: தேவையான பாட வீடியோவை சிக்னல் கிடைக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் இணைப்பை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். 2019-ல் தொடங்கிய அரசின் கல்வித் தொலைக்காட்சியில் பாட வகுப்புகள் இருக்கின்றன.

ஒரு நாள் விட்டுப்போனால்?

வாரம் முழுக்கச் சரியாகப் போய், வியாழக்கிழமை ஒரு நாள் தவறிவிடும். "போச்சு, எல்லாம் போச்சு, இனி அடுத்த திங்கட்கிழமை புதுசா ஆரம்பிக்கலாம்." பலர் விழும் குழி இதுதான்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தங்களையே திட்டிக்கொண்டு இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். குற்ற உணர்ச்சி அதிகமானால் புத்தகத்தைப் பார்க்கவே கசக்கும், கசந்தால் மறுபடி ஓட்டம்தான். பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். "மூணு மாசமா என்ன பண்ணின?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லை. "இப்ப எந்தப் பாடம் எடுக்கப் போற சாமி?" என்று கேட்டால் பதில் வரும்.

இதற்கு உள்ளூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. 1900-களின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நூறு ஆண்டைத் தாண்டிய அந்தத் தொகுப்பை உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் எல்லா நாளும் படம் இருக்கிறதா என்றால் இல்லை. கொடைக்கானலில் மேகம் மூடாத வருஷம் ஏது? மூடிய நாளில் படம் இல்லை. வானம் திறந்ததும் மறுபடியும் எடுத்தார்கள்.

எல்லாத் தாமதமும் தள்ளிப்போடுதல் அல்ல

இந்த இடத்தில் ஒரு நியாயமும் பேசியாக வேண்டும். பிள்ளை படிக்காததற்கு எப்போதும் பிள்ளைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் வயலில் நின்று, பகலில் பள்ளிக்கூடம் போய், வளைந்து வளைந்து வரும் மலைப்பாதை பஸ்ஸில் வீடு திரும்புகிற பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கம் வருவது இயல்பு. காற்றுமழைக் காலத்தில் கரண்ட் போவதும் அதன் கையில் இல்லை. அது களைப்பு, வேலைப்பளு. அதற்கு மருந்து ஓய்வும், வேலைப் பங்கீடும்தான்; உளவியல் உத்தி அல்ல.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில், பிப்ரவரி, மார்ச் அறுவடைக்கு அந்த ஒரு ஆளைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா என்று அக்டோபரில் ஊன்றும்போதே பேசி முடிவெடுப்பது நல்லது. கூலி ஆள் செலவு ஒரு பக்கம், ஒரு வருஷப் படிப்பு மறுபக்கம். எல்லா வீட்டுக்கும் இது முடியாது. முடிகிறவர்கள் கூடப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

படிப்பை விடத் தள்ளிப்போடக் கூடாத ஒன்று

மார்க் குறைந்தால் அடுத்த தேர்வில் கூட்டிக்கொள்ளலாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி போனால் போனதுதான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருஷம் 12,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது.

இவற்றில் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று ஏதாவது ஒன்று கேட்பார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் திருத்தவே வாரக்கணக்கில் ஆகும். மேல்மலையிலிருந்து தாலுகா அலுவலகத்துக்குக் கொடைக்கானல் போய் வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், பல வீடுகளில் இந்த வேலை "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் சர்வர் வேறு படுத்தும். பள்ளி திறந்த ஜூன், ஜூலையில், அறுவடை நெருக்கடி இல்லாத நேரத்தில், சான்றிதழ்களை எடுத்து ஒரு பையில் போட்டு வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

படிப்பு மட்டுமல்லாமல் விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு எதிலுமே நாட்டம் இல்லாமல் வாரக்கணக்கில் ஒதுங்கி இருந்தால், தூக்கம் கெட்டிருந்தால், "என்னால எதுவும் ஆகாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதைத் தள்ளிப்போடும் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பதிலோ, ஒரு இடத்தில் கவனம் வைப்பதிலோ சின்ன வயதிலிருந்தே சிரமம் இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையில் ஆலோசனை கேட்கலாம்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். படிப்பு, தேர்வு, உயர்கல்வி குறித்த சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித்துறையின் உதவி எண் 14417. இரண்டு எண்களுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம் என்பதால் பார்த்து அழுத்தவும்.